குளிர்நாட்டுக் காரின் சூடான சீட்: வந்த கதையும் கெடும் கதையும்

நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திய காரில் ஏறி உட்காருபவரிடம், "சீட்டைச் சூடாக்குவதற்கென்றே ஒரு கருவி உண்டு" என்று சொன்னால் முறைத்துப் பார்ப்பார். ஆனால் பிள்ளைகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் பல. பனிக்காலத்தில் அங்கே போய் வந்தவர்களுக்கு அந்தக் கருவியின் அருமை தெரியும். படிக்கப் போகும் பிள்ளைகளும், புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகளும் அங்கே முதலில் வாங்குவது பெரும்பாலும் பழைய கார்தான். அப்படிப்பட்ட காரில் மக்கர் செய்யும் சமாச்சாரங்களில் ஒன்று இந்தச் சூடான சீட்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் இதில் இரண்டு பெரிய விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பணம்: காசு பெறாத ஃப்யூஸ் போனதற்கு முழு சீட்டையே மாற்றியவர்கள் உண்டு. இன்னொன்று உடம்பு: தப்பாகச் சரிசெய்த சீட் வேலை செய்யாத சீட்டைவிட மோசமானது. இந்த இரண்டும் புரிய வேண்டுமானால், இந்தக் கருவி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கரியும் செங்கல்லும்

குதிரை வண்டிக் காலத்தில் மேல்நாடுகளில் குளிருக்கு இரண்டே வழிகள்தான். அடுப்பில் காய்ச்சிய செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வார்கள். அல்லது நிலக்கரித் தணல் போட்ட சின்ன உலோகப் பெட்டியின் மேல் பாதத்தை வைத்துக்கொள்வார்கள். மேலே கனத்த கம்பளி. கார் வந்த பிறகும் சில வருடங்கள் இதே ஏற்பாடுதான், ஏனென்றால் ஆரம்பகாலக் கார்களில் பலவற்றுக்குக் கூரையே சரியாகக் கிடையாது.

பிறகு எஞ்சினின் சூட்டையே உள்ளே கொண்டுவரும் ஹீட்டர் வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடாகும். அந்தச் சூட்டைக் காற்றில் ஏற்றி உள்ளே ஊதுவார்கள். இன்றும் பெட்ரோல், டீசல் கார்களில் இதுதான் முறை. இதில் ஒரு குறை. எஞ்சின் சூடான பிறகுதான் காற்று சூடாகும். பனியில் ராத்திரி முழுக்க நின்ற காரில் முதல் சில நிமிடங்கள் ஐஸ் போன்ற காற்றுதான் வரும். அலுவலகம் பத்து நிமிட தூரம் என்றால், கார் சூடாவதற்குள் அலுவலகமே வந்துவிடும்.

அந்த முதல் பத்து நிமிடத்துக்கான தீர்வுதான் மின்சாரத்தால் சூடாகும் சீட். காரையெல்லாம் சூடாக்காமல், ஆள் உட்காரும் இடத்தை மட்டும் சூடாக்கினால் போதும் என்ற எண்ணம்.

கம்பி சூடாகும் கணக்கு

மின்சாரம் பாயும் கம்பி எவ்வளவு சூடாகும் என்ற கணக்கை 1840களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது என்பது அவர் விதி. இந்த நான்கு மடங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் சாதாரணக் கம்பியைத் திரும்பத் திரும்பப் பழுக்கச் சூடாக்கினால் சீக்கிரம் அரித்துப்போகும். 1906-இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். நாம் நிக்ரோம் என்று சொல்வது அதைத்தான். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர் எல்லாம் அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவை.

மனிதன் உடம்போடு ஒட்டி உட்காரும் பொருளில் சூட்டுக் கம்பியை வைப்பது வேறு வித்தை. அதில் பெரிய பாடம் கிடைத்தது இரண்டாம் உலகப் போரில். இங்கிலாந்திலிருந்து ஜெர்மனி மீது பறந்த அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் 25,000 அடி உயரத்தில் போகும். உள்ளே காற்றழுத்த வசதி கிடையாது. குளிர் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியையும் தாண்டும். வீரர்களுக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் உள்ளே கம்பி ஓடும் மின் உடை செய்து கொடுத்தது. முதலில் வந்த உடையில் கம்பிகள் தொடர் இணைப்பில் இருந்தன. கல்யாண வீட்டில் தொங்கும் பழைய சீரியல் பல்பு நினைவிருக்கும்: ஒன்று போனால் சரமே அணைந்துவிடும். அதேதான். முழங்கையை மடக்கும் இடத்தில் ஒரு கம்பி அறுந்தால் உடை முழுவதும் குளிர்ந்துவிடும். பிறகு வந்த உடைகளைப் பக்க இணைப்புக்கு மாற்றினார்கள்; ஒரு கிளை போனாலும் மற்றவை வேலை செய்தன.

சீட் ஹீட்டர் பழுதின் பாதிக் கதை இங்கேயே இருக்கிறது. மடங்கும் இடத்தில்தான் கம்பி அறும். தொடர் இணைப்பாக இருந்தால் ஓரிடத்தில் அறுந்தாலே முழுவதும் போச்சு.

டெட்ராய்ட்டில் காகிதம், ஸ்வீடனில் சீட்

காருக்கான சூட்டு மெத்தைக்கு 1951-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் ராபர்ட் பல்லார்ட். 1955-இல் அது கிடைத்தது. அதே சமயத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை 6 வோல்ட்டில் ஓடிய அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறின. ஒரே அளவு சூட்டுக்கு 12 வோல்ட்டில் பாதி மின்னோட்டம் போதும், வயரும் மெல்லியதாக இருக்கலாம்.

ஆனாலும் அந்தக் காகிதம் காராக மாறப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1966-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக்கில்தான் சூடான சீட்டைத் தனிக் காசு கொடுத்து வாங்கலாம் என்று வைத்தார்கள். முன் சீட்டின் அடியிலும் முதுகுப் பக்கத்திலும் கார்பன் துணிப் பட்டைகள். கேடிலாக் என்பது பணக்காரர் கார். சூடான சீட்டும் பணக்காரர் சொகுசாகவே அறிமுகமானது.

அதைச் சாதாரணக் காருக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் சாப் நிறுவனம். விமானம் செய்ய 1937-இல் தொடங்கிய நிறுவனம் அது. போருக்குப் பின் 1949-இலிருந்து கார்களையும் விற்றது. 1971 இலையுதிர் காலத்தில், 1972 மாடல் சாப் 99 காரில், ஓட்டுநர் சீட்டின் சூட்டை எல்லோருக்கும் பொதுவாகவே கொடுத்தது. தனிக் காசு இல்லை. உள்ளே ஒரு தெர்மோஸ்டாட். குளிராக இருந்தால் தானே போட்டுக்கொள்ளும், இதமானதும் தானே அணைந்துவிடும். வருடத்தில் பல மாதம் பனி கொட்டும் நாட்டில் இதைச் சொகுசு என்று யாரும் நினைக்கவில்லை. விறைத்த கையும் விறைத்த முதுகுமாக ஓட்டுபவர் சரியாக ஓட்டமாட்டார் என்பது அவர்கள் பார்வை.

காலத்தின் வேடிக்கை, அதே சாப் கார் நிறுவனத்தில் பாதியை 1990-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது, 2000-இல் முழுவதையும் வாங்கியது, 2010-இல் விற்றுவிட்டது. 2011 டிசம்பரில் சாப் கார் நிறுவனம் திவாலானது. சாப் கார்கள் இன்னும் ஓடுகின்றன, அவற்றைப் பிடிவாதமாக வைத்திருக்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள். கம்பெனி இல்லாத காருக்குத் தன் கையே உதவி. பழைய சீட் ஹீட்டரைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ன இருக்கிறது உள்ளே?

பழைய காரின் சூட்டுச் சுற்று மிக எளிமையானது. பேட்டரி, ஃப்யூஸ், ஸ்விட்ச் (சிலவற்றில் இடையே ஒரு ரிலே), சீட்டுக்கு அடியில் கனெக்டர், உள்ளே தெர்மோஸ்டாட், அடிப்பட்டை, முதுகுப்பட்டை, கடைசியில் காரின் உடம்போடு இணையும் எர்த். அவ்வளவுதான். பட்டைகளின் மொத்த மின்தடை 3 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும். சூடு 48 வாட். நம் பழைய மஞ்சள் குண்டு பல்பு ஒன்றின் அளவுதான். அது நேராக முதுகில் படுவதால் இதமாக இருக்கிறது.

கெடும் இடங்களும் தெரிந்தவைதான். பின்சீட்டில் சாமான் வைக்க முன்சீட்டில் முழங்காலை ஊன்றுவார்கள், அடிப்பட்டை அறும். ஏறி இறங்கும்போது இடுப்பு உரசும் ஓரம் இன்னொரு பலவீனமான இடம். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவதில் அடி வயர் இழுபடும். ஷூவோடு உள்ளே வரும் பனி உருகித் தரைவிரிப்பில் தேங்கும். அந்நாட்டுச் சாலைகளில் பனியைக் கரைக்கத் தூவும் உப்பும் அதில் கலந்திருக்கும். சீட்டடிக் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறுவதும், எர்த் போல்ட் துருப்பிடிப்பதும் அதனால்தான்.

தேடும் வரிசை

வங்கியில் ராத்திரி கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எல்லா லெட்ஜரையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட மாட்டோம். முதலில் கூட்டலைப் பார்ப்போம். அடுத்து வித்தியாசம் எந்த லெட்ஜரில் என்று பிரிப்போம். கடைசியில்தான் ஒவ்வொரு பதிவாக டிக் அடிப்போம். இதற்கும் அதே வரிசை: செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு.

முதலில், இரண்டு சீட்டும் குளிரா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். இரண்டும் என்றால் பொதுவான இடத்தில் கோளாறு: ஃப்யூஸ், ரிலே, சாவி வழியாக வரும் சப்ளை. ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த ஸ்விட்ச் அல்லது அந்த சீட். பல கார்களில் சாவி போட்டால்தான் சூடு வரும், சிலவற்றில் எஞ்சினே ஓட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, ஃப்யூஸ். கண்ணால் பார்த்தது போதாது. மயிரிழை வெடிப்பு தெரியாது. மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைப் போடலாம். அதுவும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, சீட்டடிக் கனெக்டர். கழற்றி, களிம்பைத் துடைத்து, இறுக்கி மாட்டுவதிலேயே சில சீட்டுகள் உயிர் பெற்றுவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. 1994-இல் வோல்வோ 850 காரில் முதன்முதலாக சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் வைத்தன. அத்தகைய கார்கள் பலவற்றில் சீட்டடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருக்கும். அது வெடிப்பொருளோடு சம்பந்தப்பட்டது. அந்தக் காரை ஒர்க்ஷாப்பிடமே விட்டுவிடுவது நல்லது. இனி நான் சொல்வது சீட்டுக்குள் ஏர்பேக் இல்லாத பழைய காருக்கு.

நான்காவது, பிரித்துப் பார்க்கும் சோதனை. கனெக்டரைக் கழற்றி, ஸ்விட்சைப் போட்டு, கார் பக்கத்து முனைகளில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் சீட்டைப் பிரிக்கவே வேண்டாம். ஸ்விட்ச், ரிலே, எர்த் பக்கம் போகலாம். வந்தால் கோளாறு பெரும்பாலும் சீட்டுக்குள். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துருவேறிய இணைப்பு மீட்டரில் முழு 12 வோல்ட்டையும் காட்டும். மின்னோட்டம் இழுத்தால் படுத்துவிடும். பாஸ்புக்கில் இருப்பு தெரிந்தும் காசோலை திரும்பி வருவது போல. அதனால் மெக்கானிக்குகள் மீட்டரோடு ஒரு டெஸ்ட் லேம்ப்பையும் மாட்டிப் பார்ப்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் சப்ளை நிஜம்.

ஐந்தாவது, சீட் பக்கத்து முனைகளில் மின்தடை. சில ஓம் காட்டினால் பட்டை நல்லது. முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். இங்கே அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒரு கண்ணி உண்டு. குளிரில் மட்டும் மூடும் தெர்மோஸ்டாட் உள்ள சீட்டைக் கோடையில் சோதித்தால் சுற்று திறந்தே இருக்கும்; நல்ல சீட்டும் அறுந்ததுபோல் காட்டும். குளிரில் சோதிக்க வேண்டும், அல்லது தெர்மோஸ்டாட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடிப்பட்டை, முதுகுப்பட்டை இரண்டையும் தனித்தனியாக அளந்து எது போனது என்று தெரிந்த பிறகுதான் சீட் உறையைக் கழற்றும் வேலை. அப்போதும் மாற்ற வேண்டியது பட்டையைத்தான்; முழு சீட்டை அல்ல. உறைக்கு அடியில் வைத்துத் தைக்கும் கார்பன் இழைப் பட்டைகள் தனியாக விற்கின்றன. அவை உலோகக் கம்பியைவிட மடக்கலைத் தாங்கும்.

செய்யக் கூடாத இரண்டு

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடக் கூடாது. ஃப்யூஸ் என்பது வயரைக் காப்பாற்றும் காவல்காரன். அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது வயர்; அது போவது பஞ்சும் துணியும் நிறைந்த சீட்டுக்குள்.

இரண்டாவது, அவ்வளவாக யாரும் சொல்லாதது. பல பழைய கார்களில் அடிப்பட்டையும் முதுகுப்பட்டையும் தொடர் இணைப்பில் இருக்கும். முதுகுப்பட்டை அறுந்தால் இரண்டும் நின்றுவிடும். "முதுகு போனால் போகட்டும், அடியாவது சூடாகட்டும்" என்று அறுந்ததைத் தவிர்த்து நேராக வயர் கொடுத்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். இரண்டு பட்டையும் சம அளவு என்றால் மொத்தத் தடை பாதியாகிறது; மின்னோட்டம் இரண்டு மடங்காகிறது. ஜூல் சொன்னபடி, மிச்சமிருக்கும் பட்டையில் சூடு நான்கு மடங்கு. 24 வாட் கொடுக்க வேண்டிய அடிப்பட்டை 96 வாட் கொடுக்கிறது. 4 ஆம்பியர் 8 ஆகிறது. 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால் அது வாய் திறக்காது. தெர்மோஸ்டாட் ஒன்றுதான் நடுவில் நிற்கும் காவல். அதுவும் பழையது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

தீக்காயம் என்றால் கொதிக்கும் எண்ணெய்தான் நமக்கு நினைவு வரும். 1947-இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சூடும் நேரமும் சேர்ந்துதான் தோலைச் சுடுகின்றன என்று காட்டினார்கள். 60 டிகிரி செல்சியஸில் சில விநாடிகள் போதும். 44 டிகிரியில் சுமார் ஆறு மணி நேரம் ஆகும், ஆனால் அதுவும் சுடும். இடைப்பட்ட ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் வேகமாகக் குறைகிறது.

சாதாரண மனிதர் சூடு அதிகமானால் நெளிவார், ஸ்விட்சை அணைப்பார். உணர்ச்சி குறைந்த உடம்பு அதைச் செய்யாது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் சீட் ஹீட்டரால் புண்பட்ட சம்பவங்களை முன்வைத்து, 2011-இல் அமெரிக்காவில் தீக்காய மருத்துவர்களும் வாகனப் பாதுகாப்பு ஆர்வலர்களும் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் நடவடிக்கை கேட்டார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. நம் குடியிருப்பிலிருந்து பனிக்காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அப்பாவுக்குக் குளிருமே என்று பிள்ளை சூட்டை உச்சத்தில் வைப்பான்; அப்பா களைப்பில் தூங்கிவிடுவார். மூன்று மணி நேரப் பயணம். ஏறியதும் சிறிது நேரம் போட்டுவிட்டு, கார் ஹீட்டர் சூடானதும் சீட்டை அணைத்துவிடுவதே சரி. எந்த ஒரு இடம் மட்டும் அதிகமாகச் சுட்டாலும் அந்த ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிடலாம்.

மாத வாடகைச் சூடு

இன்றைய கார்களில் சீட்டின் சூட்டை ஒரு சிறு கணினி பார்த்துக்கொள்கிறது. மின்தடை அளவு மாறினால் தானே நிறுத்தி, குறியீட்டு எண்ணைப் பதிந்து வைக்கும். பாதுகாப்புக்கு நல்லது. மின்சாரக் கார் வந்த பிறகு இதன் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது: உள்காற்றைச் சூடாக்கச் சில ஆயிரம் வாட் வேண்டும், சீட்டுக்கு நூறு வாட்டுக்குள் போதும். அந்த மிச்சம் அப்படியே கூடுதல் கிலோமீட்டராகிறது.

ஆனால் கணினி வந்ததும் அதோடு கல்லாப்பெட்டியும் வந்தது. 2022-இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சூடான சீட்டுக்கு மாதக் கட்டணம் வைத்தது. டாலரில் மாதம் சுமார் 18. கம்பி சீட்டிலேயே இருக்கிறது, ஸ்விட்ச் இருக்கிறது, பணம் கட்டினால்தான் சூடு. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். 2023-இல் நிறுவனம் அந்த யோசனையைக் கைவிட்டது. வட்டியும் வாடகையும் பார்த்தே வேலை செய்தவன் நான். ஆனாலும் சொந்த சீட்டில் உட்காருவதற்கு மாதத் தவணை என்பது எனக்கும் புதிது.

எழுபது வருடத்தில் கேடிலாக்கும் சாப்பும் கணினியும் மாறி மாறி வந்தாலும், உள்ளே இருப்பது ஜூல் பார்த்த அதே சூடாகும் கம்பிதான். அதனால் பிள்ளைகள் தொலைபேசியில் "சீட் மாற்ற வேண்டுமாம்" என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃப்யூஸைப் பார்த்தாயா?" அதற்குப் பதில் வந்த பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "யாராவது நேராக வயர் கொடுத்திருக்கிறார்களா?" முதல் கேள்வி பணத்தைக் காப்பாற்றும். இரண்டாவது, அந்த சீட்டில் உட்காரப்போகிறவரைக் காப்பாற்றும்.